யோசெமிட்டி மலைக்காட்டில் மூன்று ராத்திரி: அனுமதிச் சீட்டு முதல் கரடி டப்பா வரை

மலைக்குள் நடந்து போய்த் தங்கும் பயணம் என்றதும் பலரும் முதலில் தூரத்தைத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை மைல், எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்று. கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில், டுவாலமி மெடோஸ் பக்கத்து உயர்மலையில் தூரம் அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. முதல் நாள் ராத்திரி எங்கே படுப்பது என்பதுதான் பிரச்சினை. அனுமதிச் சீட்டின் விதி, உயரத்தில் வரும் தலைவலி, குளிர், கரடியால் திறக்க முடியாத சாப்பாட்டுப் பெட்டியான கரடி டப்பாவுக்குள் சாப்பாடு அடங்குமா என்ற கவலை, நாலும் அந்த ஒரே ராத்திரியில் வந்து நிற்கும். அதைச் சரியாகப் பிடித்துவிட்டால் மிச்ச நாட்கள் தானாக அமையும். அதனால் இந்தத் திட்டம் முழுவதும் அந்த ராத்திரியை நடுவில் வைத்தே போடப்பட்டது.

பாதை இது. டுவாலமி மெடோஸில் கிளம்பி லையல் கேன்யன் வழியாக உள்ளே போய், அயர்லாந்து ஓடையை ஒட்டி மேலேறி, எவ்லின் ஏரி, வோகல்சாங் வந்து, ராஃபர்ட்டி ஓடை வழியே திரும்ப டுவாலமிக்கு இறங்கும் வட்டம். மொத்தம் ஏறக்குறைய 32 கிலோமீட்டர். வேகமாக நடப்பவர் இரண்டு நாளில் முடித்துவிடுவார். மூன்று ராத்திரி வைத்தால்தான் மேலே இருக்கும் ஏரிகளைப் பார்க்க நேரம் கிடைக்கும்.

இதே வட்டத்தை எதிர்த்திசையிலும் நடக்கலாம். நிறையப் பேர் அப்படித்தான் போகிறார்கள். ராஃபர்ட்டி ஓடை வழியாக ஏறினால் ஏறக்குறைய 11 கிலோமீட்டரில் வோகல்சாங் வந்துவிடும், முதல் நாளே ஏரி கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியாவில் காலையில் கடல் மட்டத்தில் காப்பி குடித்துவிட்டுக் காரில் ஏறியவர், அன்று ராத்திரி 3,080 மீட்டரில் படுப்பார் என்பது அந்தக் கணக்கில் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, சாப்பாடே பிடிக்காமல் போவது எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கும். லையல் கேன்யன் பக்கமாகப் போனால் முதல் நாள் நடை கிட்டத்தட்ட சமதளம். பை அதிக கனமாக இருப்பதும் அன்றைக்குத்தான். படுக்கை 2,700 மீட்டர் அளவில்.

24 வாரம் முன்னால்: சீட்டு

பூங்காவின் காட்டுப் பகுதியில் ஒரு ராத்திரி தங்கினாலும் வனத்தங்கல் அனுமதி வேண்டும், வருடம் முழுவதும். எந்த நாளில், எந்தப் பாதைமுனையில் (நடைபாதை தொடங்கும் இடம்) எத்தனை பேர் உள்ளே போகலாம் என்பதற்கு ஒரு எண்ணிக்கை வைத்திருக்கிறார்கள். அதில் 60 சதவீதம் 24 வாரம் முன்பே வாராந்திரக் குலுக்கலில் போய்விடும். மீதி 40 சதவீதம் புறப்படும் நாளுக்குச் சரியாக 7 நாள் முன்பு, பசிபிக் நேரம் காலை 7 மணிக்கு ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் திறக்கும். விண்ணப்பத்துக்கு 10 டாலர், ஆளுக்கு 5 டாலர். குலுக்கலில் விழாவிட்டாலும் அந்த 10 டாலர் திரும்பாது.

இங்கே நடக்கும் தவறுகள் மூன்று. ஒன்று, வெள்ளிக்கிழமை மட்டும் போட்டு விண்ணப்பிப்பது. ஞாயிறு புறப்பட்டு புதன் திரும்புவதாகப் போட்டால் வாய்ப்பு தெளிவாகக் கூடும். இரண்டு, பாதைமுனையின் பெயரைச் சரியாகப் படிக்காமல் விடுவது. லையல் கேன்யனுக்கு இரண்டு வகை இருக்கிறது: டோனஹ்யூ கணவாய் தாண்டிப் போக உரிமை உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. ஜான் மியூர் நெடும்பாதையில் தெற்கே போகிறவர்கள் எல்லாரும் முதல் வகைக்கு முட்டி மோதுகிறார்கள். இந்த வட்டத்துக்கு டோனஹ்யூ பக்கமே போக வேண்டியதில்லை, ஆகவே இரண்டாவது வகை போதும். மூன்று, ஒரே ஒரு தேதியையும் ஒரே ஒரு முனையையும் மட்டும் போடுவது. இதே வட்டத்தை ராஃபர்ட்டி ஓடைச் சீட்டிலும் நடக்கலாம் என்பதால் அதை மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படிக் கிடைத்தால் புறப்படும் முன் டுவாலமியில் ஒரு ராத்திரி தூங்குவதைக் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும்.

சீட்டில் உறுதியாக இருப்பது நுழையும் முனை, நுழையும் தேதி, ஆள் எண்ணிக்கை. உள்ளே போனபின் நாலாவது நாளை மூன்றாவது நாளாக்கலாம், ஒரு ஏரியை விட்டு இன்னொரு ஏரிக்கும் போகலாம். முதல் நாள் தங்குமிடத்துக்கு மட்டும் ஒரு கறார் விதி உண்டு: டுவாலமி மெடோஸிலிருந்து பாதை வழியே 4 மைல், அதாவது 6.4 கிலோமீட்டர் தாண்டிய பிறகே டென்ட் போடலாம். மதியம் 3 மணிக்குக் கிளம்பி, இருட்டும்போது இரண்டரை மைலில் நின்றுவிட்டால் அங்கே படுக்க முடியாது. அயர்லாந்து ஓடை பிரியும் இடம் ஏறக்குறைய 9 கிலோமீட்டரில் வரும். நண்பகலுக்கு முன் கிளம்பினால் நிதானமாகப் போய்ச் சேரலாம்.

தேதியைத் தேர்வு செய்யும்போது, டுவாலமிக்குக் காரில் போகும் டையோகா சாலையை மறக்கக் கூடாது. குளிர்காலப் பனியால் மூடப்படும் இந்தச் சாலை வழக்கமாக மே கடைசியிலிருந்து ஜூலை தொடக்கத்துக்குள் ஏதாவது ஒரு நாளில் திறக்கும். 2023-இல் பனி மலைபோல் குவிந்து ஜூலை 22 வரை திறக்கவே இல்லை. ஜனவரியில் ஜூன் மாதத்துக்கு விண்ணப்பிக்கிறவர் பனி எவ்வளவு விழப் போகிறது என்று தெரியாமல்தான் விண்ணப்பிக்கிறார். ஜூன், ஜூலையில் கொசு, ஓடைகளில் வெள்ளம். ஆகஸ்ட் பாதிக்கு மேல் கொசு குறையும், ஓடையைக் கல்மேல் கால் வைத்தே தாண்டலாம், ஆனால் காட்டுத்தீப் புகை வரக்கூடும். ஆகஸ்ட் கடைசி வாரமும் செப்டம்பர் முதல் பாதியும்தான் இந்த வட்டத்துக்கு ஏற்ற காலம்.

மூன்று வாரம் முன்னால்: சாப்பாட்டைக் காய வைப்பது

3,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் கொதிக்க விட்டாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. துவரம்பருப்பு அங்கே லேசில் வேகாது. பச்சரிசி வேகும், ஆனால் கேஸைத் தின்றுவிடும். குக்கரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆகவே வேக வைப்பதை வீட்டிலேயே முடித்து, தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டு, காய்ந்ததைச் சுமந்துபோய் அங்கே வெந்நீர் ஊற்றுவதுதான் வழி. கடையில் விற்கும் மலையேற்றச் சாப்பாட்டுப் பொட்டலங்கள் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் அவற்றின் விலையும் உப்பும் அதிகம், மூன்றாவது நாள் வாய்க்குப் பிடிப்பதுமில்லை.

சாம்பார்ச் செதில் செய்யும் முறை, இரண்டு பேருக்கு மூன்று வேளைக்கு:

துவரம்பருப்பு 200 கிராமை மஞ்சள்தூள் போட்டு, வழக்கத்தைவிட இரண்டு விசில் கூடுதலாக விட்டுக் குழைய வேக வைக்கவும். கேரட், உருளைக்கிழங்கு, தக்காளி, வெங்காயம் நான்கையும் அரை சென்டிமீட்டருக்கு மிகாமல் நறுக்கி தண்ணீரிலேயே வேக வைக்கவும். முருங்கைக்காய், கத்தரிக்காய் வேண்டாம். பீன்ஸ் திரும்பத் தண்ணீர் குடிக்காமல் நார் நாராக நிற்கும். புளிக்கரைசல், சாம்பார்ப்பொடி, உப்பு சேர்த்துக் கெட்டியாகும்வரை கொதிக்க விடவும். எண்ணெய் ஒரு சொட்டுகூடப் போடக் கூடாது, தாளிக்கவும் கூடாது. எண்ணெய் காயாது, காய்ந்த சாப்பாட்டுக்குள் நின்று சிக்கு வாடை அடிக்கும்.

ஆறியதும் டீஹைட்ரேட்டர் (சாப்பாட்டைக் காய வைக்கும் கருவி) தட்டில் தாள் விரித்து 3, 4 மில்லிமீட்டர் கனத்தில் பரப்பவும். ஓரம் மெல்லிசாகவும் நடு கெட்டியாகவும் பரப்பினால் ஓரம் கருகும், நடு ஈரமாகவே இருக்கும். 57 டிகிரியில் 8 முதல் 10 மணி நேரம். பாதியில் ஒருமுறை பெயர்த்துத் திருப்பிப் போட வேண்டும். எடுக்கும் பதம் கைக்குத் தெரியும்: வளைத்தால் அப்பளம்போல் ஒடிய வேண்டும். மாங்காய்த் தோல்போல் வளைந்து கொடுத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, பத்து நாளில் பூஞ்சை பிடிக்கும். ஒடிந்ததை மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டால் ரவைப் பதத்தில் செதிலாகும். மாவாக அரைத்துவிட்டால் வெந்நீரில் கட்டி தட்டும்.

சோற்றுக்குப் புழுங்கலரிசியே நல்லது, ஒட்டாது. உதிரியாக வடித்து அதே 57 டிகிரியில் 5 முதல் 7 மணி நேரம். காய்ந்ததா என்று தெரிந்துகொள்ளத் தராசு வைத்துக்கொள்ளுங்கள்: 300 கிராம் அரிசி வடித்தால், காய்ந்த சோறும் ஏறக்குறைய 300 கிராமுக்கே திரும்பியிருக்க வேண்டும். 340 காட்டினால் அது இன்னும் காயவில்லை.

ஒரு வேளைக்கு, ஒருவருக்கு: காய்ந்த சோறு 90 கிராம், சாம்பார்ச் செதில் 50 கிராம், கொதிக்கும் தண்ணீர் 375 மில்லி. தடிமனான ஜிப் பையில் போட்டு ஊற்றி, நன்றாகக் குலுக்கி, உறைக்குள் வைத்து 20 நிமிடம். பத்தாவது நிமிடம் ஒருமுறை அடிவரை கிளறிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூலையில் சோறு பல்லில் கடிபடும். உறை என்பது கார் கண்ணாடிக்கு வெயில் மறைக்கப் போடும் வெள்ளித்தாளை வெட்டி டேப் ஒட்டித் தைத்த பைதான். அது இல்லாமல் செய்தால் குளிர் காற்றில் ஐந்தே நிமிடத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாகி, சோறு பாதி ஊறியபடியே நின்றுவிடும். சாப்பிடும் நேரத்தில் நெய்யோ நல்லெண்ணெயோ ஒரு மேசைக்கரண்டி. எண்ணெயைத் தனியாகச் சின்ன பாட்டிலில் கொண்டுபோவது சுவைக்காக மட்டும் இல்லை: எடைக்கு அதிகக் கலோரி கொடுப்பதில் அதை மிஞ்ச ஒன்றும் கிடையாது.

காலைக்கு வறுத்த ரவை உப்புமா மாவு, அல்லது மெல்லிய அவலில் வெந்நீர் ஊற்றிப் புளிக்காய்ச்சல் பிசைந்தது. நடக்கும்போது கொறிக்கக் கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பேரீச்சம்பழம். முறுக்கும் மிக்சரும் எல்லாருக்கும் ஆசைதான், ஆனால் அவை பாதி காற்று. டப்பாவில் இடத்தை அடைத்துக்கொள்ளும். சப்பாத்தி இரண்டாம் நாளே வாடை வந்துவிடும். டார்டியா என்ற மெக்சிகோ ரொட்டி நாலு நாளும் தாங்கும், இட்லிப் பொடி எண்ணெய் குழைத்துத் தடவிச் சுருட்டினால் மதியச் சாப்பாடு முடிந்தது.

அளவு: ஒருவருக்கு ஒரு நாளைக்கு காய்ந்த எடையில் 650 கிராம், ஏறக்குறைய 2,800 கலோரி. மேலே பசி குறையும் என்று அதைவிடக் குறைத்துக் கொண்டுபோனால் இரண்டாம் நாள் ஏற்றத்தில் கால் தள்ளாடும்.

டப்பாவை அடைப்பது

யோசெமிட்டியின் காட்டுப் பகுதி முழுவதும் கரடி டப்பா கட்டாயம். கயிற்றில் கட்டி மரத்தில் தொங்கவிடும் பழைய முறைக்கு இங்கே அனுமதி இல்லை, காரணம் கரடிகள் அதைக் கற்றுக்கொண்டுவிட்டன. இங்கே இருப்பவை அமெரிக்கக் கருங்கரடிகள், நிறம் பெரும்பாலும் பழுப்பு. ஆளைத் தாக்குவதைவிடச் சாப்பாட்டைத் தேடுவதுதான் அவற்றின் வேலை. லையல் கேன்யன் சமதளமான புல்வெளி, முகாம் போடுகிறவர் கூட்டம் அதிகம், கரடிகளுக்கும் அது நன்றாகத் தெரிந்த இடம். மனிதச் சாப்பாட்டைச் சுவை கண்டுவிட்ட கரடியைக் கடைசியில் கொல்ல வேண்டியதாகவும் ஆகலாம். டப்பாவைச் சரியாக மூடுவது நம் சோற்றுக்காக மட்டும் இல்லை.

பேர்வால்ட் பிவி500 என்ற ஒளிபுகும் டப்பா 11.5 லிட்டர், எடை 1.16 கிலோ. கார்சியா என்ற கறுப்பு டப்பா 10 லிட்டர், எடை அதே அளவு, நாணயத்தால் திருகித் திறக்கலாம். பூங்காவின் வன அனுமதி மையங்களில் வாடகைக்கும் கிடைக்கும். இரண்டு பேர், மூன்று ராத்திரி என்றால் ஒரே 11.5 லிட்டர் டப்பா போதும், அடைக்கத் தெரிந்தால்.

கணக்கு இப்படி. முதல் நாள் காலைச் சாப்பாடு காரிலேயே. மதியமும் ராத்திரியும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியிருப்பது இரண்டு முழு நாளும் கடைசி நாளின் காலை, மதியமும். ஒருவருக்கு 1.7 கிலோ, இருவருக்கு 3.4 கிலோ. இறுக்கி அடைத்தால் 7 முதல் 8 லிட்டர். மிச்சம் 3 லிட்டர்தான் விஷயமே. வாசனை உள்ள எல்லாமே அதற்குள் போக வேண்டும்: பற்பசை, சன்ஸ்கிரீன், உதட்டு பாம், சோப்பு, இருமல் மிட்டாய், கொசு மருந்து, சாப்பிட்ட பையும் குப்பையும். சாப்பாட்டை மட்டும் அளந்து பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு, டார்ச் வெளிச்சத்தில், மூடி மூடாமல் நிற்கும். அப்போது கையில் மிச்சமாக நிற்பது கிட்டத்தட்ட எப்போதும் குப்பைப் பையும் பற்பசையும்தான்.

அடைக்கும் விதம்: எல்லாவற்றையும் கடைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து மெல்லிய ஜிப் பைக்கு மாற்றவும். காற்றை முழுவதும் அழுத்தி வெளியேற்றவும். கடையில் காற்றடைத்து வரும் பொட்டலம் இருந்தால் ஊசியால் ஒரு துளை போட்டுக் காற்றை விட்டு, மேலே டேப் ஒட்டவும். மலையில் ஏற ஏற அது பலூனாக உப்பும். அடியில் கடைசி நாள், மேலே முதல் நாள். மாவு, செதில், அவல் போன்ற மெத்தென்ற பைகளைக் கடைசியில் வைத்து, கடினமானவற்றுக்கு நடுவே இருக்கும் சந்துகளில் கையால் குத்தித் திணிக்கவும். சிறு பாட்டில்கள் சுவரோரம் நிற்கட்டும். மேலே ஒரு கைப்பிடி இடம் காலியாக இருந்தால் சரி, அது குப்பைக்கு. இந்த ஒத்திகை புறப்படும் வாரம் வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும்.

பிவி500 மூடியில் பிளாஸ்டிக் மொட்டுகள் இருக்கும், அவற்றை அழுத்தித் தாண்டித் திருக வேண்டும். அதிகாலைக் குளிரில் பிளாஸ்டிக் விறைத்து விரல் வலிக்கும். வங்கி அட்டை ஒன்றை மூடிக்கும் டப்பாவுக்கும் இடையில் நுழைத்து, மொட்டின்மேல் சறுக்க விட்டால் சுலபமாகத் திறக்கும்.

ராத்திரி டப்பாவை டென்டிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி, சமதரையில், புதர் அல்லது பாறைகளுக்கு நடுவே வைக்கவும். சரிவின் விளிம்பிலும் ஓடைக்கரையிலும் வைத்தால் கரடி உருட்டிவிட்டுப் போகும், காலையில் தேடுவதற்கு ஒன்றும் இருக்காது. கயிறு கட்டக் கூடாது, கரடிக்கு அதுவே கைப்பிடி. காரில் ஒரு பிஸ்கட் பொட்டலம்கூட விடாமல் பாதைமுனையில் இருக்கும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும்; கரடி கார்க் கதவையே பெயர்த்து எடுக்கும்.

கேஸ், தண்ணீர், படுக்கை

காலையில் ஒரு லிட்டர், ராத்திரி ஒன்றரை லிட்டர் கொதிக்க வைத்தால், மூன்று ராத்திரிக்கு 7.5 லிட்டர். லிட்டருக்கு 12 முதல் 15 கிராம் கேஸ். 90 முதல் 115 கிராம் ஆகிறது. 100 கிராம் கேனிஸ்டர் போதும்போல் தோன்றும், போதாது: காற்று அடித்தால் செலவு ஏறிவிடும். 230 கிராம் எடுக்கவும். பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். ஐசோபியூட்டேன் உறைநிலைக்குக் கீழே 12 டிகிரி வரை தாங்கும். ஆகவே ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். காலையில் சுடர் சோம்பினால் கேனிஸ்டரைப் பத்து நிமிடம் சட்டைக்குள் வைத்திருந்தால் சரியாகும். காற்றுத் தடுப்புத் தகட்டைக் கேனிஸ்டரைச் சுற்றி மூடிவிடக் கூடாது. சூடு உள்ளேயே தேங்கிக் கேனிஸ்டர் வெடிக்கும் அபாயம் உண்டு. காற்று வரும் பக்கம் மட்டும் பாறையோ பையோ நிறுத்தினால் போதும். விறகு நெருப்பு 9,600 அடிக்கு மேல், அதாவது 2,926 மீட்டருக்கு மேல் கூடவே கூடாது. வோகல்சாங் அதற்கும் மேலே. லையல் கேன்யனில்கூட அன்றைய தீத்தடையைப் பொறுத்ததே.

தண்ணீர் எங்கும் கிடைக்கும், இரண்டு லிட்டருக்கு மேல் சுமக்க வேண்டியதில்லை. லையல் கேன்யனில் ஓடுவது மவுண்ட் லையல் உச்சியை ஒட்டிய பனியிலிருந்து இறங்கி வருவது. அங்கிருக்கும் பனியாறு நகர்வதை நிறுத்திவிட்டது என்று பூங்காத் துறை 2013-இல் சொன்னது. கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீர்தான், ஆனாலும் வடிகட்டாமல் குடிக்கக் கூடாது, ஜியார்டியா என்ற கிருமி வயிற்றைப் புரட்டிவிடும். 0.1 மைக்ரான் குழல் வடிகட்டி போதும். அதற்கு ஒரே எதிரி உறைபனி. உள்ளே தங்கிய ஈரம் உறைந்தால் மெல்லிய குழல்கள் கீறும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல் வரும், கிருமியும் கூடவே வரும். ராத்திரி தண்ணீரை உதறி, ஜிப் பையில் போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உறைந்துவிட்டதோ என்ற சந்தேகம் வந்தாலே அதை மூட்டை கட்டிவிட்டுக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும். இந்த உயரத்தில் 3 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும்.

ஆகஸ்டிலும் வோகல்சாங்கில் விடியற்காலை தண்ணீர் பாட்டிலில் பனித்தகடு மிதக்கும். ஸ்லீப்பிங் பேக்கின் மேல் எழுதியிருக்கும் எண்ணில் கம்ஃபர்ட் என்ற அளவு உறைநிலைக்குக் கீழே 5 டிகிரி இருக்க வேண்டும். லிமிட் என்ற அளவைப் பார்த்து வாங்கினால் ராத்திரி முழுக்க நடுக்கம்தான். காற்றடைக்கும் மெத்தைக்கு, தரையின் குளிரைத் தடுக்கும் அளவான ஆர் மதிப்பு 4.

மெத்தையைப் பற்றி அடிக்கடி வரும் ஒரு குழப்பம். மாலையில் 20 டிகிரியில் நன்றாக ஊதிப் படுத்தால், நள்ளிரவில் 0 டிகிரிக்கு வரும்போது தளர்ந்திருக்கும். ஓட்டை விழுந்துவிட்டதென்று பதறி, இருட்டில் ஒட்டுப் போட வேண்டாம். குளிரில் காற்று சுருங்கி ஏறக்குறைய 7 சதவீதம் குறைவது அது. படுக்கும் முன் இரண்டு மூச்சு கூடுதலாக ஊதினால் தீர்ந்தது. நிஜ ஓட்டை என்றால் ஒரு மணி நேரத்தில் இடுப்பு தரையைத் தொடும். அதை வீட்டிலேயே கண்டுபிடிக்க வேண்டும்: ஊதி, மேலே அரிசி மூட்டை ஏதாவது வைத்து ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். இறங்கியிருந்தால் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். பேனாவால் வட்டம் போட்டு, காற்றை முழுக்க இறக்கி, ஸ்பிரிட் துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் ஒட்டு வைத்துக் கட்டைவிரலால் ஒரு நிமிடம் அழுத்தவும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எந்த ஒட்டும் நிற்காது, சன்ஸ்கிரீன் பட்ட மெத்தைதான் முதலில் ஏமாற்றும்.

முந்தைய நாளும் நடக்கும் நாட்களும்

சீட்டைப் புறப்படும் நாளுக்கு முந்தைய நாளே டுவாலமி மையத்தில் வாங்கிவிடுவது நல்லது. அங்கே இருக்கும் வனக்காவலரிடம் மூன்று கேள்வி: அயர்லாந்து ஓடையை எங்கே தாண்டுகிறார்கள், கரடி எந்தப் பக்கம் நடமாடுகிறது, மேலே பனி மிச்சமிருக்கிறதா. சீட்டு வைத்திருப்பவர் முந்தின ராத்திரியும் திரும்பின ராத்திரியும் அங்கே இருக்கும் பேக்பேக்கர் முகாமில் தங்கலாம். 2,620 மீட்டரில் ஒரு ராத்திரி தூங்கி எழுவதற்கு மாத்திரை எதுவும் ஈடாகாது. உயரத்தில் முன்பு அவதிப்பட்டவர் டயமாக்ஸ் என்ற உயர நோய் மாத்திரை பற்றி மருத்துவரிடம் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

சீட்டு எடுத்ததால் நீங்கள் திரும்பி வந்தீர்களா என்று யாரும் தேடுவார்கள் என நினைக்கக் கூடாது. பாதை, தங்குமிடம், திரும்பும் நேரம், கார் எண், எத்தனை மணிக்குள் பேசாவிட்டால் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்க வேண்டும் என்பதை எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். உள்ளே போன் சிக்னல் கிடைக்காது. வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்தாலும் காகித வரைபடம் ஒன்று கட்டாயம்.

முதல் நாள் சமதளம், சொல்ல அதிகம் இல்லை. டென்டைத் தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் 30 மீட்டர் தள்ளி, புல்லின் மேல் போடாமல் மணலிலோ காய்ந்த ஊசியிலைத் தரையிலோ போட வேண்டும். தலைக்கு மேலே பட்ட மரம் நிற்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள்.

இரண்டாம் நாள்தான் திட்டத்தின் முதுகெலும்பு. அயர்லாந்து ஓடையிலிருந்து பாதை 3,200 மீட்டரைத் தாண்டி, மரமே இல்லாத திறந்த வெளியில் எவ்லின் ஏரிக்குப் போகிறது. கோடையில் இந்தச் சியரா மலைத்தொடரில் மதியம் மேகம் திரண்டு இடி இறங்குவது வழக்கம். காலை 6.30-க்கு நடக்கத் தொடங்கினால் 12 மணிக்குள் அந்த வெட்டவெளியைத் தாண்டிவிடலாம். பத்து மணிக்கே மேகம் காலிஃபிளவர்போல் மேலே குவிய ஆரம்பித்தால் ஏறாமல் மரங்களுக்குள்ளேயே நிற்பதுதான் சரி. சீக்கிரம் கிளம்புவதில் இன்னொரு லாபம்: வெயில் ஏற ஏறப் பனி உருகி மாலையில் ஓடை பெருகும், காலையில் அதே ஓடை அடங்கியிருக்கும். தாண்டும்போது முதுகுப்பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

ராத்திரி தலைவலி இருந்தால் மேலே ஏறுவதில்லை. தண்ணீர் குடித்து, சாப்பிட்டு, ஓய்வெடுத்தும் கூடிக்கொண்டே போனால் இறங்க வேண்டும். வோகல்சாங்கிலிருந்து ராஃபர்ட்டி ஓடை வழியே டுவாலமிக்கு நேர் இறக்கம், வழி தேட வேண்டியதில்லை. இந்த வட்டத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாம் நாள் டென்டை அங்கேயே விட்டுவிட்டு வோகல்சாங் கணவாய் வரை வெறும் கையோடு போய் வரலாம், 3,255 மீட்டர். செருப்பு, ஷூ, கைத்தடி எதையும் வெளியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். மார்மோட் என்ற கொழுத்த அணில் வியர்வை உப்புக்காகத் தடியின் பட்டையைக் கடித்துத் துண்டாக்கிவிடும். கழிப்பதற்கு 15 சென்டிமீட்டர் ஆழக் குழி, தண்ணீரிலிருந்து 30 மீட்டர் தள்ளி. காகிதத்தைப் புதைக்காமல் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். புதைத்ததை விலங்குகள் தோண்டிப் போட்டுவிடும். சோப்பு எதுவானாலும், மக்கும் என்று எழுதியிருந்தாலும், ஏரியில் கரைக்கக் கூடாது.

திரும்பிய அன்றே டென்டை விரித்துக் காயப் போடவும், வடிகட்டியை எதிர்த்திசையில் அழுத்திக் கழுவவும், கரடி டப்பாவைச் சமையல் சோடா போட்டுத் துலக்கி மூடியைத் திறந்து வைக்கவும். கேஸ் கேனிஸ்டரைத் தராசில் நிறுத்தி, மீதம் எத்தனை கிராம் என்று அதன் அடியில் மார்க்கரால் எழுதி வைக்கவும்.